காகித உபதேசியார்

உபதேசியார் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, சோளக்கொல்லைப் பொம்மையைப் போலத் தன் வீட்டுத் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தார். இடுப்பிலிருந்து கழுத்து வரைக்கும் அவர் உடம்பில் பஞ்சாங்கத் தாள் ஒட்டியிருந்தது. புளியங்கொட்டைப் பசை முழங்கை வழியாக வடிந்து சொட்டியது. மூக்கின் மேல் ஓர் ஈ. கையை மடக்கினால் தாள் கிழிந்துவிடும் என்பதால், உதட்டைக் குவித்து ஊதி ஊதி அதை விரட்டிக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் நான் கண்ணால் பார்க்கவில்லை. பார்த்தால் பாவம். கீற்றுத் தட்டிக்கு இந்தப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து, இப்போது தோள், இப்போது விலா என்று சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் தாளை ஒட்டியது அவருடைய மனைவி மதலேன் அத்தை. ஈயைப் பற்றி அவள்தான் பிறகு சொன்னாள்.

"ரோசு, வவுத்துக்கு எத்தினி சுத்து?" என்று அத்தை கேட்டாள்.

"மூணு அத்தை. குறுக்க ஒண்ணு, நெடுக்க ஒண்ணு, திரும்பவும் குறுக்க ஒண்ணு. இளுத்து ஒட்டாதீங்க. சும்மா வெச்சுத் தடவுங்க."

"ஏ புள்ள, இன்னும் எம்மா நேரம்?" இது உபதேசியார்.

"பேசாதீங்க அய்யா. பேசினா தாளு சுருக்கம் வுளுந்துடும்."

ஊருக்கே வாய் ஓயாமல் புத்தி சொன்ன மனிதரைப் பேசாதே என்று சொல்லும் பாக்கியம் எங்கள் தெருவில் எனக்கு ஒருத்திக்குத்தான் கிடைத்தது. அதையும் தட்டி மறைவில் இருந்துதான் சொல்ல முடிந்தது.

ஒரு வாசகியின் சந்தேகம்

புதுச்சேரியிலிருந்து கைத்தையல் மெஷினோடு செஞ்சிக்குத் திரும்பிய கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அந்தக் காலத்தில் ஒரு பெண் ஆண்களுக்கு எப்படி அளவெடுத்துத் தைத்திருக்க முடியும்? நம்ப முடியவில்லையே."

நம்ப வேண்டாம் அம்மா. நான் அளவெடுக்கவே இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போது துணிக்கடை வாசலில் தலையில்லாத பிளாஸ்டிக் பொம்மைகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே இடுப்பு. அந்த இடுப்பு உள்ளவர்கள் யாரும் அந்தக் கடைக்குள் நுழைந்து நான் பார்த்ததில்லை. வாங்குகிறவர் வேறு, நிற்கிற பொம்மை வேறு. வாங்கிப் போய் வீட்டில் போட்டுப் பார்த்து, கண்ணாடியோடு சண்டை போடுகிறார்கள்.

புதுச்சேரியில் நான் வேலை செய்த வீட்டு அம்மாள் அப்படி ஏமாறுகிற ஜாதி இல்லை. நல்ல கனத்த சரீரம். தையற்காரன் தன்னைத் தொட்டுத் தொட்டு அளப்பது அவளுக்குப் பிடிக்காது. பழைய உள்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் பசைத் தாளைப் பட்டை பட்டையாக என்னை ஒட்டச் சொல்வாள். முக்கால்வாசி காய்ந்ததும் முதுகில் நேர்கோடாக வெட்டிக் கழற்றி, திரும்ப மூட்டி, உள்ளே வைக்கோலை அடைத்துவிட்டால் அச்சு அசலாக அம்மாளே நிற்பாள். அதற்கு ஒரு கம்பையும் நட்டு, துணியை அதன் மேல் போட்டு வெட்டித் தைப்போம்.

அந்த அம்மாள் ஊரைவிட்டுப் போகும்போது மெஷினை எனக்குக் கொடுத்தாள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. அதற்கு முன்பு என்னுடையது என்று சொல்ல எனக்கு ஒரு செபமாலை மட்டுந்தான் இருந்தது. யுத்த காலத்தில் கரியைப் போட்டு ஓட்டின பஸ்ஸில் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். செஞ்சியில் இறங்கியபோது தொடை இரண்டும் மரத்துப்போய் நிற்க முடியவில்லை. ஆனாலும் வேறு யாரையும் அதைத் தூக்க விடவில்லை.

மெஷினுக்கு வந்த ஆபத்து

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்களில் ஒன்று. எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். ஈஸ்டர் அன்று சாயங்காலம் கோயில் மைதானத்தில் நாடகம் போடுவார்கள். ஒரு கன்னிப்பெண் வேதத்துக்காகச் சாகிற கதை. அவளைச் சிறையில் போடுகிற ராஜாவாக வருஷா வருஷம் உபதேசியார் நடிப்பார். ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறவர் எதற்காகக் கொடுங்கோலன் வேஷம் போட வேண்டும் என்று கேட்டால், அதுதான் பெரிய வேஷம். கன்னிப்பெண்ணாக நடித்தவனுக்கு நாற்காலி கிடையாது.

உடுப்புத் தைக்கிற கடைத்தெருத் தையற்காரர் பட்டாளத்துச் சட்டை தைக்க மதராசுக்குப் போய்விட்டார். ராஜாவின் பழைய கோட்டைக் கரையான் அரித்துவிட்டது. மிச்சம் இருந்தது நான்.

"பொம்பளப்புள்ள ஆம்பள நெஞ்சுல நாடா வெச்சு அளக்கறதா?" என்று உபதேசியார் என் நைனாவைக் கூப்பிட்டுக் கேட்டார். நைனா மாட்டுவண்டி ஓட்டுகிறவர். உபதேசியார் தும்மினாலும் ஆமென் சொல்வார்.

"அளக்கமாட்டேன். தொடமாட்டேன். பாக்கக்கூட மாட்டேன்" என்றேன் நான். தாளில் உருவம் எடுக்கிற வித்தையைச் சொன்னேன்.

அவர் யோசித்தார். அவருக்கு அது வேறு ஒரு விதத்திலும் தோதாகப் பட்டிருக்க வேண்டும். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் நாற்பது நாளும் யாரும் வேஷ உடுப்பைத் தோளில் வைத்துப் பார்க்கக்கூட கூடாது என்பது அவரே போட்ட சட்டம். தபசு தொடங்குகிற விபூதிப் புதனுக்கு முந்தின நாளே உருவத்தை எடுத்துவிட்டால், தபசு முடிகிறவரைக்கும் வேஷத் துணியும் அவர் மேல் படாது, நானும் அவர் கண்ணில் படவேண்டாம்.

"சரி. கோட்டு ஒயுங்கா வந்துச்சுன்னா, தெருவுல நீ ஆம்பளைங்களுக்கும் தைக்கலாம். நானே ஜனங்ககிட்ட சொல்றேன். வரலைன்னா?" என்று நைனாவைப் பார்த்தார். "வயசுப் பொண்ணுக்கு எதுக்கு மெஷினு? கன்னியர் மடத்துக்குக் காணிக்கையா குடுத்துடு. புள்ள மல்லாட்டை உரிக்கப் போவட்டும்."

நைனா தலையை ஆட்டினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மெஷின் அவர் மடியிலா வந்தது, அவருக்குத் தெரிய?

மோப்பம்

உபதேசியாரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாவிட்டால் புரியாது.

தபசு காலத்தில் எங்கள் தெரு ஒருசந்தி இருக்கும். அதாவது பகலில் ஒரு வேளைச் சாப்பாடு. கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. காலையும் ராத்திரியும் வேண்டுமானால் கஞ்சித் தண்ணீர். ஏற்கெனவே யுத்தத்தில் அரிசி கிடைக்காமல் பாதி நாள் கஞ்சிதான். இருந்தாலும் சனங்கள் விசுவாசத்தோடு பட்டினி கிடந்தார்கள். நானும் கிடந்தேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அந்தப் பட்டினிக்குக் காவல் உபதேசியார். உச்சிப் பொழுதில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தெருவில் நடப்பார். ஒவ்வொரு வீட்டு அடுப்பங்கரைக்கு நேராக வரும்போதும் நின்று மூச்சை இழுப்பார். கருவாட்டு வாசம் வந்தால் தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் கைகளை விரித்து முழங்காலில் நிற்க வேண்டும்.

அதற்கு முந்தின வருஷம் எங்கள் குப்பைமேட்டில் ஒரு முட்டை ஓடு கிடந்தது. காக்கை கொண்டுவந்து போட்ட ஓடு. எங்கள் வீட்டில் கோழியே கிடையாது. உபதேசியார் அதை ஒரு குச்சியால் புரட்டிப் பார்த்துவிட்டு, நைனாவைக் கூப்பிட்டனுப்பினார். நைனா போய், பூசை முடிகிறவரைக்கும் கோயில் வாசலில் முழங்காலில் நின்றுவிட்டு வந்தார்.

"நாம திங்கலியே நைனா!" என்று நான் அழுதேன்.

"திங்கலன்னா இன்னா? திங்கணும்னு நெனப்பு வந்திருக்கும். அவரு பெரியவரு, தெரிஞ்சுதான் சொல்லுவாரு."

இந்த மாதிரி மனிதர்கள் இல்லாவிட்டால் அந்த மாதிரி மனிதர்கள் எங்கே முளைப்பார்கள்?

பஞ்சாங்கமும் மல்லாட்டைத் தோலும்

உருவம் எடுக்கக் காகிதம் வேண்டுமே. யுத்த காலத்தில் வெள்ளைத்தாளுக்கு எங்கே போவது? கடைத்தெருவில் நயினார் மளிகைக் கடையில் பொட்டலம் கட்ட வைத்திருந்த பழைய பஞ்சாங்கக் கட்டு ஒன்று கிடைத்தது. பஞ்சாங்கம் பார்ப்பது அஞ்ஞானம் என்று பிரசங்கம் செய்கிற உபதேசியாரின் மார்பில் கௌரி பஞ்சாங்கத்தையும், வயிற்றில் ராகுகால அட்டவணையையும் ஒட்ட நேர்ந்தது இப்படித்தான். அது வேண்டுமென்று செய்ததில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

மதலேன் அத்தை அரிந்து அடுக்கிய தாளை எடுத்து, பசையில் தோய்த்து, இரண்டு விரலால் வழித்துவிட்டு ஒட்டினாள். முதல் தரம் செய்கிறவளுக்கு நல்ல கை. கழுத்தைச் சுற்றி அரை விரல் பட்டையாக ஒட்ட வேண்டும் என்று நான் சொல்வதற்கு முன்பே ஒட்டியிருந்தாள். அந்தக் கைக்கு ஒரு ஊசி கொடுத்திருந்தால் என்னைவிட நன்றாகத் தைத்திருப்பாள்.

எனக்கு ஒரே பயம், வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பாரோ என்று. ராஜாவுக்குத் தொந்தி தெரியக்கூடாது என்று அவருக்கு ஆசை இருக்காதா? அதனால் ஒரு வழி செய்தேன்.

"தாளு காயற மட்டும் செபமாலை சொல்லுங்க அய்யா, சத்தமா" என்றேன். வாய்விட்டுச் செபம் சொல்கிறவன் மூச்சை எத்தனை நேரம் பிடித்து வைத்திருக்க முடியும்? ஐம்பத்து மூன்று மணியும் உருண்டு முடிந்தது. நடுநடுவே ஏப்பம். மறுநாள் விபூதி என்பதால் அன்று தெரு முழுக்க ஆட்டுக்கறி. அவர் வீட்டில் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருந்திருக்கும். ஆக, வருஷத்திலேயே அவர் வயிறு நிறைந்திருந்த நாளில், வயிற்றைத் தளர்த்தி விட்டபடிதான் உருவம் காய்ந்தது. இதை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாசிமாத வெயில், மலைப்பாறைகளில் பட்டுத் திரும்பிவந்து அடித்தது. ஒரு மணி நேரத்துக்கெல்லாம் தாள் முறுகிவிட்டது. கத்தரிக்கோலைத் தட்டிக்கு மேலாக அத்தையிடம் நீட்டினேன். முதுகில் கத்தரியின் சில்லிப்புப் பட்டதும் உபதேசியார், "அய்யோ, குத்திப்புடாதடி!" என்று கத்தியது கடைத்தெரு வரைக்கும் கேட்டிருக்கும். வேதசாட்சியை வருஷா வருஷம் கொல்கிற ராஜா!

கழற்றிய கூட்டை மூட்டி ஒட்டியதும், அவரே கறுப்பு மையால் மார்பில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேறு யாருடைய அளவையாவது எடுத்து நான் ஏமாற்றிவிடுவேனாம். அதே கையோடு நாடகத்தில் மந்திரியாக வரும் அந்தோணியையும் கூப்பிட்டுப் பக்கத்தில் ஒரு கையெழுத்துப் போடவைத்தார்.

வைக்கோல் மாட்டுக்கே பற்றாத காலம் அது. நான் உருவத்துக்குள் மல்லாட்டைத் தோலை, அதாவது வேர்க்கடலைத் தோலை, அடைத்தேன். உரல் குழியில் உலக்கையைச் செருகி, கந்தலை வைத்து இறுக்கி, அதன் மேல் உபதேசியாரை மாட்டினேன். அசைத்தால் கலகலவென்று சத்தம் வரும். அம்மா விளக்கு வைக்கிற நேரத்தில் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு அசடு வழிய என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் அதற்குக் காகித உபதேசியார் என்று பெயர் வைத்தோம். நிஜ உபதேசியாரைவிட நல்லவர். யாரையும் முகர்ந்து பார்க்க மாட்டார்.

துணி, கோயில் தேரிலிருந்து கழித்த பழைய சிவப்பு வெல்வெட்டு. நிறம் மங்கின ஓரங்களைக் கழித்தால் கோட்டுக்குச் சரியாக இருந்தது. உள்ளே மடித்துவிட ஒரு விரற்கடைகூட மிஞ்சவில்லை. கழுத்தில் சரிகை, தோளில் குஞ்சம், முன்னால் ஒன்பது பித்தளைப் பொத்தான்.

என் கவலையெல்லாம் கோட்டு தொளதொளவென்று போய்விடுமே என்பதுதான். நாற்பது நாள் ஒருசந்தி இருக்கிற மனிதர் இளைக்காமல் இருப்பாரா? என் ரவிக்கையே அந்தத் தபசில் இரண்டு தடவை பிடிக்க வேண்டியிருந்தது. சரி, இளைத்தால் உள்ளே ஒரு துண்டைச் சுற்றிக்கொள்ளட்டும் என்று உருவத்துக்குக் கச்சிதமாகவே தைத்தேன். அவரை அவ்வளவு நம்பியிருக்கிறேன், பாருங்கள்.

பெரிய சனி

அந்தக் காலத்தில் ஈஸ்டர் பூசை சனிக்கிழமை காலையிலேயே ஆகிவிடும். பெரிய வியாழனிலிருந்து ஊமையாகிக் கிடந்த கோயில் மணி அடித்தது. பூசை முடிந்து சாமியார் உள்ளே போய்விட்டார். இன்னும் யாரும் வாயில் ஒன்றும் போடவில்லை. தெருவே மைதானத்தில் நின்றது. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்தி, எல்லோருக்கும் ஒரே முகம். உடுப்பு போட்டுப் பார்க்கிற நேரம் அதுதான்.

நானும் நைனாவும் கோட்டை எடுத்துக்கொண்டு போனோம். உபதேசியார் பெருமையாகக் கையை நுழைத்தார். தோள் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. கழுத்து உட்கார்ந்தது. கை மணிக்கட்டில் வந்து நின்றது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

மேல் பொத்தான் இரண்டும் மாட்டின. மூன்றாவது மாட்டவில்லை.

அந்தோணி முன்னால் வந்து இழுத்துப் பிடித்தான். மூச்சை அடக்கச் சொன்னான். உபதேசியார் அடக்கினார், முகம் சிவந்தது. மூன்றாவதும் நாலாவதும் மாட்டின. அஞ்சாவதைத் தள்ளும்போது அவர் மூச்சை விட்டார். நாலாவது பொத்தான் தெறித்து மண்ணில் விழுந்தது. வயிற்றுக்கு நடுவே நாலு விரல் அகலத்துக்கு வேட்டி தெரிந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கத் தைரியம் வேண்டுமே.

"இன்னா தைச்சிருக்குற?" என்றார் என்னைப் பார்த்து. "வெல்வெட்டைப் பாழாக்கிட்டியே!"

நான் வீட்டுக்கு ஓடி, உருவத்தை உலக்கையோடு தூக்கிக்கொண்டு வந்தேன். மைதானத்து நடுவில் மண்ணில் ஊன்றி, அவர் கழற்றிய கோட்டை அதற்கு மாட்டினேன். ஒன்பதாவது பொத்தான் மட்டும் ஒரு பக்கம் இழுத்தது. நாலாவது இடத்தில் நூல் தொங்கியது. மற்றதெல்லாம் வழுக்கிக்கொண்டு மாட்டின. கோட்டைத் திறந்து மார்பில் இருந்த இரண்டு கையெழுத்தையும் காட்டினேன்.

சனங்கள் காகிதத்தைப் பார்த்தார்கள். பிறகு அவரைப் பார்த்தார்கள்.

"காயிதம் காஞ்சா சுருங்கும்ல" என்றான் அந்தோணி. பெரிய மனிதர் விழுந்தால் மீசையில் மண் துடைக்க ஒரு மந்திரி எப்போதும் இருப்பான்.

"சுருங்கினா தோளுந்தான சுருங்கியிருக்கணும்? தோளு சரியா இருக்குது. களுத்து சரியா இருக்குது. வவுறு மட்டும் எப்டிண்ணா சுருங்கும்?" என்றேன். அதற்கு மேல் போனால், நீங்கள் தின்றீர்கள் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் தெருவே என்னைத் தின்றுவிடும்.

உபதேசியாருக்கு இடம் கிடைத்துவிட்டது. பக்கத்தில் நின்ற மனைவியை நோக்கிக் கையைக் காட்டினார்.

"இவ வேலைதான். வவுத்துல இளுத்து இறுக்கி ஒட்டிட்டா. கண்ணும் தெரியாது, கையும் விளங்காது. ரெண்டு பொம்பளைங்க சேந்து கோயில் சொத்தை நாசம் பண்ணிட்டாளுங்க." பிறகு நைனாவைப் பார்த்து, "நீ போயி மெஷினை எடுத்துனு வா. இன்னைக்கே மடத்துக்கு அனுப்பிடுவோம்."

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் அவர் கையைப் பிடித்தேன். "நைனா, வேணாம் நைனா." அவர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு நடந்தார்.

அப்போதுதான் மதலேன் அத்தை பேசினாள். கூட்டத்தில் அவள் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை. சேலைத் தலைப்பைப் பிடித்திருந்த கை, கறிவேப்பிலைக் குச்சி மாதிரி இருந்தது.

"ஒட்டினது நான்தான்" என்றாள். "நாப்பது நாளும் கதவச் சாத்தினு, தெனம் நாலு முட்டை அவிச்சு, நெய்யி வுட்டுச் சோறு ஆக்கிப் போட்டதும் நான்தான். ரெண்டுல எதுல கோளாறுன்னு நீங்களே பாத்துக்கோங்க."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அடுப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

நைனா பாதி வழியில் நின்றார். திரும்பி அத்தையைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் முழங்காலைப் பார்த்தார். அப்படியே அந்த மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மெஷினை எடுக்க யாரும் போகவில்லை.

முழுப் பூசணிக்காய்

மறுநாள் உபதேசியாருக்குக் காய்ச்சல் என்று சொன்னார்கள். அந்தோணி ராஜாவாக நடித்தான். அவனும் நாற்பது நாள் பட்டினி கிடந்தவன். வயிற்றில் இரண்டு துண்டு சுற்றிய பிறகுதான் கோட்டு நின்றது.

அதற்கப்புறம் பெரிய கலகம் நடந்திருக்கும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நடந்தது இதுதான்: அடுத்த ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் வழக்கம்போல முன்னால் முழங்காலில் நின்று பிரார்த்தனை சொன்னார். தெரு வழக்கம்போல பதில் சொன்னது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஊர் கூடி உதவினால் தாராளமாக மறைக்கலாம், நான் பார்த்திருக்கிறேன். அடுத்த தபசில் அவர் திரும்பவும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அடுப்படிகளை முகர்ந்துகொண்டு நடந்தார்.

மாறினது ஒன்றுதான். அத்தையோடு தெருவில் யாரும் பேசவில்லை. புருஷனை நாலு பேர் முன்னால் காட்டிக்கொடுத்தவளாம். தண்ணீர் எடுக்கிற இடத்தில் அவள் வந்தால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். பட்டினி கிடந்த பெண்கள்தான். எங்கள் அம்மாவும் அதில் ஒருத்தி.

நான் இவர்களையெல்லாம் இத்தனை பக்கம் திட்டி எழுதிவிட்டேன். இன்னும் ஒருத்தி பாக்கி இருக்கிறாள்.

ஈஸ்டர் முடிந்து பத்து நாள் இருக்கும். உபதேசியார் எங்கள் வாசலுக்கு வந்து ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலத்தை நீட்டினார். "ஒரு சட்டை தை. அளவு எதுக்கு, அதான் உருவம் இருக்குதே" என்றார். ஒன்றுமே நடக்காதது போல. பிறகு, "மெஷினு மடத்துக்கு வேணாம், அந்தப் புள்ளையே வெச்சுக்கட்டும்னு நான்தான் சொல்லிட்டேன்" என்று நைனாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சட்டையை நான் தைத்தால் தெருவில் எல்லோரும் கொண்டுவருவார்கள். அது எனக்குத் தெரிந்திருந்தது. "சரிங்க அய்யா" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் சட்டையை உருவத்தின் மேல் போட்டுக் குத்திவிட்டு, சட்டைக்கையை மெஷினில் ஓட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் தட்டியது. மதலேன் அத்தை. கையில் ஒரு துணி மூட்டை. மண்டகப்பட்டில் அவள் அண்ணன் வீடு இருந்தது. உடம்பு சரியில்லை, கொஞ்ச நாள் அங்கே இருந்துவிட்டு வரட்டும் என்று உபதேசியார் அனுப்புவதாக ஊரில் சொல்லிக்கொண்டார்கள். கொஞ்ச நாள் என்பது எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. அவள் திரும்பி வரவும் இல்லை.

"இன்னா தைக்கிற ரோசு?"

"ஒண்ணுமில்ல அத்தை. சும்மா."

அவள் என்னைப் பார்க்கவில்லை. உலக்கை மேல் பாதி தைத்த சட்டையோடு நின்றுகொண்டிருந்த காகித உபதேசியாரைத்தான் பார்த்தாள். அவள் கையால் ஒட்டின தாள் ஆயிற்றே.

"வவுத்துல கொஞ்சம் தாராளமா வுடு" என்றாள். "வரேன்."

சக்கரத்தை நிறுத்திவிட்டு, உள்ளே வந்து உட்கார் அத்தை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தெருவில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்தேன். தலையைக் குனிந்து சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். அவள் போன பிறகு, அவள் சொன்னபடியே வயிற்றில் ஒரு அங்குலம் கூட்டித் தைத்தேன்.